தி ஸ்மித்ஸின் வானொலிப் பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து இசைக்குழுவான தி ஸ்மித்ஸ், 1983இல் பிபிசி வானொலிக்காகப் பாடிப் பதிவு செய்த பாட்டுகளைச் சில வாரங்களாக மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இவர்கள்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நான்கு பேர். பாட்டும் வரிகளும் மாரிஸி, கிட்டாரும் மெட்டும் ஜானி மார், பேஸ் கிட்டார் ஆண்டி ரூர்க், டிரம்ஸ் மைக் ஜாய்ஸ். 1982இல் சேர்ந்தார்கள், 1987இல் பிரிந்தார்கள். பெரிய கம்பெனி எதிலும் சேராமல் ரஃப் டிரேட் என்ற சிறிய லண்டன் நிறுவனத்தின் மூலம் இசைத்தட்டு வெளியிட்டார்கள். இண்டி என்ற சொல்லுக்கு அப்போது அதுதான் பொருள், பெரிய நிறுவனங்களைச் சாராதவர்கள் என்று. அது ஒரு பாணியின் பெயராக மாறியது பிற்பாடு.

வானொலி செஷன் என்றால் நேரலையா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. நிகழ்ச்சி நடக்கும்போதே வாசிப்பதில்லை. சில நாட்களுக்கு முன்பே பிபிசியின் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போய்ப் பதிவு செய்துவிடுவார்கள், பிறகுதான் ஒலிபரப்பு. ஆனால் ஸ்டூடியோ ஆல்பம் போலவும் இல்லை. பிற்பகலில் போய் வாத்தியங்களை இறக்கி வைக்க வேண்டும், இரவுக்குள் நான்கு பாட்டுகளை முடித்து, மிக்ஸிங்கும் செய்து, மறுபடி வேனில் ஏற வேண்டும். கணக்குப் போட்டால் பாட்டுக்கு இரண்டு மணி நேரம் தேறும். எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்து அடித்தளத்தைப் பதிவு செய்வார்கள். மேலே ஒரு கிட்டாரோ குரலோ சேர்க்க நேரம் இருந்தால் சேர்ப்பார்கள். பதிவு செய்பவர் பிபிசியின் ஆள். அவருக்கு நேற்று வந்தது வேறொரு குழு, நாளை வரப்போவது இன்னொரு குழு.

நேரலை என்று சொல்ல முடியாவிட்டாலும், கல்யாண வீட்டில் ஒரே மூச்சில் எடுத்த புகைப்படம் போன்றது இது. இன்னொரு தடவை நில்லுங்கள் என்று சொல்ல யாருக்கும் நேரம் இல்லை.

கடையில் இசைத்தட்டே கிடைக்கும்போது வானொலி ஏன் செலவு செய்து தனியாகப் பதிவு செய்தது?

கலை ஆர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் ஒரு தொழிற்சங்க ஒப்பந்தம். இசைத்தட்டுகளை வானொலியில் நாள் முழுவதும் ஓட்டிக்கொண்டிருந்தால் கச்சேரி செய்து பிழைக்கும் கலைஞர்களுக்கு வேலை போய்விடும் என்று இசைக்கலைஞர் சங்கம் அஞ்சியது. இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் அதே போன்ற கவலை, யாரும் தட்டு வாங்க மாட்டார்களே என்று. ஆகவே ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு ஒலிக்கலாம் என்று பிபிசிக்கு வரம்பு இருந்தது. அதற்கு நீடில் டைம் என்று பெயர், அதாவது தட்டின் மேல் ஊசி ஓடும் நேரம். மீதி நேரத்தை நிரப்ப வேண்டுமானால் கலைஞர்களைக் கூப்பிட்டு, சங்கம் நிர்ணயித்த கூலி கொடுத்து, புதிதாக வாசிக்க வைக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு 1988இல்தான் நீங்கியது.

ஒரு சலிப்பான அலுவலக விதி இல்லையென்றால் இந்தப் பாட்டுகளில் பாதி இன்று நம்மிடம் இருந்திருக்காது. எனக்கு இது எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

ஜான் பீல்தானே இவர்களைக் கண்டுபிடித்தவர்?

பெயர் அவருக்கு, கால் வலி வேறொருவருக்கு. ஜான் பீல் பிபிசி ரேடியோ 1 தொடங்கிய 1967 முதல் 2004இல் இறக்கும்வரை அங்கே நிகழ்ச்சி நடத்தியவர். இரவு பத்து மணிக்கு மேல், வேறு யாரும் ஒலிபரப்பத் துணியாத பாட்டுகளைப் போடுவார். அவருடைய நிகழ்ச்சிக்காக மட்டும் 2,000க்கும் மேற்பட்ட கலைஞர்கள் 4,000க்கும் மேற்பட்ட செஷன்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இரவு இரவாகச் சின்னச் சின்ன அரங்குகளில் நின்று புதிய குழுக்களைப் பார்த்து வந்தவர் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்டர்ஸ். 1983 மே 6 அன்று லண்டன் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில் ஸ்மித்ஸைப் பார்த்தார். மே 18 அன்று அவர்கள் பிபிசியின் மைடா வேல் கூடத்தில் இருந்தார்கள். இடையில் பன்னிரண்டே நாள்.

அன்று மாரிஸிக்கு வயது 23, இருபத்து நான்கு நிறைய இன்னும் நான்கு நாள். மற்ற மூவருக்கும் 19. முதல் சிங்கிளான, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டான, ‘ஹேண்ட் இன் குளோவ்’ அந்த மாதம்தான் கடைக்கு வந்திருந்தது. விற்பனைப் பட்டியலின் முதல் 75 இடங்களுக்குள்கூட அது வரவில்லை.

பீலுக்கு அவர்களிடம் பிடித்தது என்னவென்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். இவர்கள் யாருடைய தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்று கேட்டவுடன் சொல்லிவிட முடியவில்லையாம். ஆயிரக்கணக்கான குழுக்களைக் கேட்ட காதுக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் இருக்க முடியாது.

1983இல் மொத்தம் எத்தனை செஷன்கள்?

பிபிசிக்கு முக்கியமானவை நான்கு. பீலுக்கு இரண்டு, மாலை நிகழ்ச்சி நடத்திய டேவிட் ஜென்சனுக்கு இரண்டு. மே 18 பீல், ஜூன் 26 ஜென்சன், ஆகஸ்ட் 25 ஜென்சன், செப்டம்பர் 14 பீல். நான்கு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜென்சனை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, பாவம். பீலைவிட அவருடைய நிகழ்ச்சியை அதிகம் பேர் விழித்திருந்து கேட்டிருப்பார்கள், சாப்பாட்டு நேரம் அல்லவா.

முறையாக ஸ்டூடியோவில் செய்த முதல் ஆல்பம் இருக்கிறதே, அது போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் ஆல்பத்தை அவர்கள் இரண்டு முறை செய்தார்கள். 1983 கோடையில் டிராய் டேட் என்பவர் தயாரிப்பாளராக இருந்து லண்டன் வாப்பிங் பகுதியில் ஒரு கூடத்தில் முழு ஆல்பத்தையும் பதிவு செய்தார். யாருக்கும் திருப்தியில்லை. இந்தச் சமயத்தில்தான் ஆகஸ்ட் 25 ஜென்சன் செஷன் வந்தது. அதைப் பதிவு செய்தவர் ஜான் போர்ட்டர், முன்பு ராக்ஸி மியூசிக் குழுவுடன் பேஸ் வாசித்தவர். டேட்டின் பதிவுகளைத் தேற்றிக்கொடுக்க முடியுமா என்று அவரிடம் கேட்டார்கள். கேட்டுவிட்டு, தேறாது, முதலிலிருந்து செய்யலாம் என்று சொல்லிவிட்டார் அவர். பழையதை அப்படியே ஓரம் கட்டிவிட்டு, கச்சேரிகளுக்கு இடையே கிடைத்த நாட்களில் மறுபடியும் பதிவு செய்தார்கள். 1984 பிப்ரவரியில் ஆல்பம் வந்தது. விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம். ஒரு சிறிய நிறுவனத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் வானொலியில் கேட்டுப் பழகியவர்களுக்கு ஆல்பம் ஏதோ கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒலிப்பது போல் இருந்தது. எனக்கும் அப்படித்தான். பாட்டுகளில் குறையில்லை, வாசிப்பும் சுத்தம். ஆனால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை அதே பாட்டைப் பாடுகிறவரின் குரலில் ஒரு கவனம் வந்துவிடுகிறது. சோற்றை மறுபடி சுட வைத்தது மாதிரி. ‘ரீல் அரவுண்ட் தி ஃபவுன்டன்’ பாட்டை மட்டும் பாருங்கள்: மே மாதம் பீலுக்கு, கோடையில் டேட்டுடன், ஆகஸ்டில் ஜென்சனுக்கு, பிறகு ஆல்பத்துக்குப் போர்ட்டருடன் என ஒரே ஆண்டில் நான்கு முறை. நான்கில் எனக்கு மே மாதத்தியதுதான் வேண்டும்.

குழுவினருக்கும் இது தெரிந்திருந்தது. ஆல்பம் வந்த ஒன்பதே மாதத்தில், 1984 நவம்பரில், ‘ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். பதினாறு பாட்டுகள்: பத்து பிபிசி பதிவுகள், ஆறு சிங்கிள்களும் அவற்றின் மறுபக்கங்களும். தங்களையே முதலில் உற்சாகப்படுத்தியது இந்த வானொலிப் பதிவுகள்தாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். சொந்த ஆல்பத்துக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்வது போல. உறையிலேயே 3 பவுண்டு 99 பென்ஸுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று அச்சிட்டார்கள். அது பட்டியலில் ஏழாம் இடம் வரை போனது.

வித்தியாசம் சாதாரணக் காதுக்குத் தெரியுமா? எந்தப் பாட்டில் கேட்பது?

தெரியும். சிலவற்றில் கொஞ்சம், ஒன்றில் தலைகீழாக.

‘ரீல் அரவுண்ட் தி ஃபவுன்டன்’ ஆல்பத்தில் பியானோவும் ஆர்கனும் வருகின்றன. பால் கேரக் என்ற தேர்ந்த கலைஞர் வாசித்தவை, இனிமைதான். பீல் பதிவில் அவை இல்லை. அந்தக் காலி இடத்தில் பேஸ் கிட்டார் நடக்கிறது. ஆண்டி ரூர்க் எவ்வளவு பெரிய வாசிப்பாளர் என்று அறிய ஆல்பத்தைவிட இந்த ஒரு பாட்டே போதும். 2023இல் 59 வயதில் அவர் புற்றுநோயால் இறந்த அன்று நான் எடுத்துப் போட்டதும் இதைத்தான்.

‘யூ ஹாவ் காட் எவ்ரிதிங் நவ்’ ஜென்சன் பதிவில் நிதானமாகப் போகிறது. ‘வாட் டிஃபரன்ஸ் டஸ் இட் மேக்’ பீல் பதிவில் கிட்டார் கரடுமுரடாக இருக்கிறது, சிங்கிளில் சீவிவிட்ட தலைபோல் இருக்கும். ‘ஸ்டில் இல்’ பீல் பதிவில் தொடக்கத்திலும் முடிவிலும் மவுத் ஆர்கன் உண்டு, ஆல்பத்தில் கிடையாது. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தலைகீழ் என்று சொன்னது ‘பேக் டு தி ஓல்ட் ஹவுஸ்’. சிங்கிளின் மறுபக்கத்தில் இந்தப் பாட்டு டிரம்ஸ், பேஸ் எல்லாம் சேர்ந்து முழுக்குழுவோடு வருகிறது. கேட்டால் நல்ல பாட்டு என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். 1983 செப்டம்பர் பீல் பதிவில் இருப்பது ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு குரல். அவ்வளவுதான். பழைய வீட்டுக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை என்று பாட்டு தொடங்குகிறது. அந்தத் தெரு வழியே சைக்கிளில் போன யாரோ ஒருவர் மேல் ஆசை இருந்தது, சொன்னதே இல்லை என்பது நடுவில் தெரிய வருகிறது. முடிவில், போக வேண்டும் என்று எவ்வளவோ ஆசை, ஆனால் போகப்போவதில்லை என்கிறார். தொடக்கத்தில் சொன்னது பொய் என்று அங்கேதான் நமக்கு உறைக்கிறது. முழுக்குழு வாசிக்கும்போது டிரம்ஸ் இந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. கிட்டார் மட்டும் இருக்கும்போது பொய் சொல்பவர் நம் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மார் கம்பிகளை விரல்களால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்கிறார், பத்தொன்பது வயதில்.

‘திஸ் சார்மிங் மேன்’ உண்மையிலேயே வானொலிக்காக எழுதப்பட்டதா?

ஆம், அவர்களுடைய பெயரை ஊருக்கெல்லாம் தெரிய வைத்த பாட்டு செப்டம்பர் பீல் செஷனுக்காகத்தான் உருவானது. அதே ரஃப் டிரேடில் இருந்த அஸ்டெக் கேமரா என்ற குழுவின் பாட்டு வானொலியில் அடிக்கடி ஒலிப்பதைக் கேட்டு, நாமும் துள்ளலாக ஒன்று செய்ய வேண்டும் என்று மார் உட்கார்ந்திருக்கிறார். பொறாமையும் சில சமயம் உருப்படியான வேலை செய்கிறது. செஷனில் கேட்டவுடன் ரஃப் டிரேட் தலைவர் ஜெஃப் டிராவிஸ் இதையே அடுத்த சிங்கிளாக்கலாம் என்றார். சிங்கிளில் கிட்டாரை அடுக்கு அடுக்காகக் கட்டினார்கள். செஷனில் அந்த அடுக்குகள் இல்லை, பேஸ் முன்னால் நிற்கிறது. மற்ற எல்லாப் பாட்டிலும் வானொலிப் பக்கம் நிற்கும் நான், இதில் மட்டும் சிங்கிளுக்கே ஓட்டுப் போடுவேன்.

ஏதோ ஒரு பாட்டை பிபிசி நிறுத்தியதாமே?

ஆகஸ்ட் ஜென்சன் செஷனில் பதிவான ‘ரீல் அரவுண்ட் தி ஃபவுன்டன்’. குழுவின் பாட்டுகள் சிறுவர் மீதான தகாத ஆசையைப் பேசுகின்றன என்று லண்டன் நாளிதழ் ஒன்று எழுதியது, குழு கடுமையாக மறுத்தது. பிபிசி அந்தப் பாட்டை மட்டும் ஒலிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது. அதே பாட்டு மே மாதச் செஷனில் பீல் நிகழ்ச்சியில் சத்தமில்லாமல் ஒலித்திருந்தது. அடுத்த சிங்கிளாக வந்திருக்க வேண்டியதும் அதுதான். அந்த இடத்துக்கு ‘திஸ் சார்மிங் மேன்’ வந்தது.

அப்படியானால் ஸ்டூடியோவே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. ‘ஹவ் சூன் இஸ் நவ்’ பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் நடுங்கி நடுங்கி வரும். அதற்காகவே மாரும் போர்ட்டரும் நான்கு ஆம்ப்ளிஃபயர்களை வைத்து, ஒவ்வொன்றின் நடுக்க வேகத்தையும் கையால் திருகித் திருகித் தாளத்தோடு ஒட்ட வைத்தார்கள். இந்த வேலையைப் பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும் இடத்தில் செய்ய முடியுமா? 1984 ஆகஸ்டில் பீலுக்கு அதே பாட்டை வாசித்தார்கள். கேட்டால், மழை நின்ற பிறகு விரித்த குடை மாதிரி இருக்கிறது.

ஆல்பத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். ‘சஃபர் லிட்டில் சில்ட்ரன்’ போன்ற பாட்டு ‘ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ’வில் இல்லை.

வானொலிப் பதிவாக மட்டுமே கிடைக்கும் பாட்டு உண்டா?

‘திஸ் நைட் ஹாஸ் ஓப்பன்ட் மை ஐஸ்’. குழு இருந்த காலத்தில் வெளிவந்த ஒரே வடிவம் செப்டம்பர் பீல் பதிவு. ஷீலா டிலேனியின் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ நாடகத்தின் சாயல் அதில் உண்டு. வேண்டாத குழந்தை, ஆற்றங்கரை, வேறு வழியில்லாத ஒரு பெண். சின்னப் பாட்டு. இரவில் தனியாகக் கேட்க வேண்டாம் என்று சொல்வேன், ஆனால் அப்படித்தான் கேட்பீர்கள்.

எதை வாங்குவது?

‘ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ’. எல்.பி.யோ சிடியோ, எதுவானாலும் சரி. மே 18 செஷனில் அதில் விட்டுப்போன ‘மிஸரபிள் லை’ மட்டும் வேண்டுமென்றால், பீல் செஷன்களை வெளியிடுவதற்கென்றே தொடங்கப்பட்ட ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் நிறுவனம் 1988இல் வெளியிட்ட நான்கு பாட்டுத் தட்டைத் தேடுங்கள்.

மைடா வேல் கூடம் இன்றும் இருக்கிறதா?

கட்டடம் இருக்கிறது. லண்டன் டெலவேர் சாலையில் நீளமாக, தாழ்வாக, வெள்ளையாக. 1909இல் உருளைச் சக்கரக் காலணி போட்டுச் சறுக்கி விளையாடும் அரங்காகக் கட்டியது. 1930களில் பிபிசி எடுத்துக்கொண்டது. 2023இல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களில் திரைப்பட இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரும் ஒருவர், ஆகவே இனியும் இசைதான்.

இத்தனை முறை கேட்டும் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா?

என்னிடம் முதலில் வந்து சேர்ந்தது ஒரு நண்பர் பதிந்து கொடுத்த அறுபது நிமிடக் கேசட். தொடக்கத்தில் வேறு எதையோ பதிந்துவிட்டு, மிச்ச இடத்தில் இதைப் போட்டிருந்தார். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஸ்டில் இல்’. மாரிஸி பாடி முடிக்கும் இடத்தில் டேப் தீர்ந்து, பட்டன் டக்கென்று மேலே வரும். பல வருடங்கள் நான் அந்தப் பாட்டு அப்படித்தான் முடிகிறது என்று நினைத்திருந்தேன். அந்த டக் சத்தத்தைக்கூடத் தாளத்தோடு சேர்த்தே மனதில் வைத்திருந்தேன்.

சிடி வாங்கிய அன்றுதான் தெரிந்தது, குரல் நின்ற பிறகு மவுத் ஆர்கன் மறுபடி வருகிறது. தொடக்கத்தில் வந்த அதே மவுத் ஆர்கன். இந்த முறை கேட்கும்போதும் குரல் நிற்கும் இடத்தில் என் கை தானாகக் கேசட்டைத் திருப்பிப் போட எழுந்தது.